சொந்தமாக ஒரு டாரட் சீட்டுக்கட்டு: மாதிரிக் கட்டு முதல் அச்சு வரை

குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுகளான டாரட் சீட்டுக்கட்டு ஒன்றைத் தம் கையாலேயே செய்துவிட வேண்டும் என்று விரும்புகிறவர்களில் பலர், முதல் நாளே விலையுயர்ந்த தாளை எடுத்து, கட்டின் தொடக்கமாகக் கருதப்படும் ‘முட்டாள்’ சீட்டை வரையத் தொடங்குகிறார்கள். அதில் இரண்டு மூன்று வாரங்கள் மனம் ஒன்றி உழைக்கிறார்கள். பத்தாவது சீட்டை எட்டுவதற்குள் சோர்ந்து வேலையை நிறுத்திவிடுகிறார்கள். வரையத் தெரியாததால் இப்படி நேர்வதில்லை. 78 சீட்டுகளும் ஒரே கைக்குள் அடங்கி, ஒன்றாகக் கலைக்கப்பட்டு, எது எதன் அருகில் வரும் என்று முன்கூட்டித் தெரியாமல் மேசையில் விரிக்கப்படப் போகின்றன என்ற எண்ணமே இல்லாமல், ஒவ்வொரு சீட்டையும் சுவரில் மாட்டும் படம் போலக் கருதி வரைவதே காரணம். எனவே இந்த வழிகாட்டியில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்துவது ஒன்றுதான்: நல்ல தாளைத் தொடுவதற்கு முன்பு, ஒரே நாளில் கரடுமுரடான மாதிரிக் கட்டு ஒன்றைச் செய்து, குறைந்தது ஒரு மாதம் அதைக் கையாண்டு பாருங்கள். அளவு, சின்னம், நிறம், பெயர், பின்புறம் ஆகியவற்றைப் பற்றிய பெரும்பாலான ஐயங்கள் அந்த ஒரு மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

கட்டின் அமைப்பு

இன்று வழக்கிலுள்ள டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றுள் 22 சீட்டுகள் மேஜர் அர்கானா எனப்படுபவை. மந்திரவாதி, பேரரசி, தேர், துறவி, மரணம், கோபுரம், நிலவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனி உருவமும் இருக்கும். எஞ்சிய 56 சீட்டுகளும் மைனர் அர்கானா. இவை கோல், கிண்ணம், வாள், நாணயம் என்ற நான்கு இனங்களாகப் பிரியும். ஓர் இனத்தில் ஒன்று முதல் பத்து வரையிலான எண் சீட்டுகளும், பணியாள், குதிரைவீரர், ராணி, ராஜா என்ற நான்கு அரசவைச் சீட்டுகளும் சேர்ந்து 14 சீட்டுகள் இருக்கும்.

இந்த அமைப்பு 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காக உருவானது. மிலானை ஆண்ட குடும்பத்துக்காக 1450-ஐ ஒட்டித் தீட்டப்பட்ட விஸ்கொந்தி-ஸ்போர்சா கட்டில் 74 சீட்டுகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. டாரட்டை வைத்துக் குறி பார்க்கும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் பரவலாயிற்று. இது பண்டைய எகிப்தியரின் ஞானநூல் என்ற கருத்தும் 1781-இல் கூர் தெ ஜெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதியதிலிருந்து பரவியதே ஒழிய, அதற்குச் சான்று கிடையாது. இதை நான் இங்கே எடுத்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. புதிதாகக் கட்டு செய்கிறவர்களில் பலர், மாற்றவே கூடாத ஏதோ ஒன்றில் கை வைக்கிறோம் என்று அஞ்சி, பழைய படங்களை அப்படியே பிரதி எடுக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கட்டை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய பிரெஞ்சு மரபான மார்செய் கட்டுகளில் நீதி 8-ஆவது, வலிமை 11-ஆவது. 1909-இல் லண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் திட்டப்படி பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டில் இவ்விரண்டும் இடம் மாறின. மார்செய் மரபில் 13-ஆவது சீட்டுக்குப் பெயரே எழுதப்படுவதில்லை. முட்டாளுக்கு எண் கிடையாது. ஆகவே எந்த வரிசையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து குறித்துக்கொண்டால் போதும். இரண்டில் எதுவும் தவறாகாது.

மாதிரிக் கட்டு

ஏ4 அளவுள்ள சற்றே தடித்த தாள் பத்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டினால் 74-க்கு 105 மி.மீ. அளவில் 80 துண்டுகள் கிடைக்கும். 78 சீட்டுகள் போக இரண்டு மிஞ்சும். ஒவ்வொரு துண்டிலும் சீட்டின் எண்ணையும் பெயரையும் எழுதி, அதன் பொருளாக நீங்கள் கருதுவதை மூன்றே சொற்களில் குறித்து, மீதியுள்ள இடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோட்டுப்படம் போடுங்கள். ஒரு சீட்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். மொத்தமும் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகப் பிடிக்கும். மூன்று சொற்கள் என்ற கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்தாதீர்கள். ஒரு சீட்டைப் பற்றி மூன்று சொற்கள் எழுத வரவில்லை என்றால், அந்தச் சீட்டை வரைவதற்கு நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

அடுத்த ஒரு மாதம் நாள்தோறும் இந்தக் கட்டைக் கலைத்து, ஒன்றோ மூன்றோ சீட்டுகளை எடுத்து விரித்து, கண்ணில் பட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எந்தச் சீட்டைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியவில்லை, எந்த இரண்டு சீட்டுகள் ஒன்று போலத் தோன்றின, தலைகீழாக வந்தபோது எது குழப்பியது என்பவைதாம் முக்கியமான குறிப்புகள். என்னுடைய முதல் மாதிரிக் கட்டில் விண்மீனும் நிலவும் ஏறத்தாழ ஒரே படமாக இருந்தன: இரண்டிலும் இரவு வானம், இரண்டிலும் நீர்நிலை. தனித்தனியாக வரைந்தபோது அது தெரியவே இல்லை. இரண்டும் அடுத்தடுத்து வந்து விழுந்த ஒரு நாளில்தான் கண்ணுக்குப் பட்டது.

நோட்டில் மூன்று செய்திகளைத் தனியாகக் கவனித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, உருவங்கள் பார்க்கும் திசை. சீட்டுகள் பக்கவாட்டில் விரிக்கப்படுவதால், வலப்புறம் பார்க்கும் ராணிக்கு அருகில் இடப்புறம் பார்க்கும் ராஜா வந்தால் இருவரும் பேசிக்கொள்வது போலவும், இருவரும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டிப் பார்த்தால் மனத்தாங்கலோடு முகம் திருப்பியிருப்பது போலவும் தோன்றும். எல்லா உருவங்களையும் பழக்கத்தால் ஒரே பக்கம் பார்க்க வைத்துவிட்டால் இந்த வாய்ப்பு முழுவதும் போய்விடும். இரண்டாவது, தலைகீழ்த் தோற்றம். தொங்கும் மனிதனைத் தலைகீழாகத் திருப்பினால் அவன் ஒற்றைக் காலில் நிமிர்ந்து நிற்கிறான். கோபுரத்திலிருந்து விழுகிறவர்கள் மேல் நோக்கிப் பறக்கிறார்கள். கவிழ்ந்த கிண்ணம் நிமிர்கிறது. ஒவ்வொரு மாதிரிப் படத்தையும் திருப்பிப் பார்த்து, அந்தத் தோற்றமும் ஏதேனும் ஒன்றைச் சொல்லும்படி அமைத்துக்கொள்வது நல்லது. நேராக ஒரு பொருளும் தலைகீழாக வெறும் குழப்பமும் தருகிற படத்தை இந்தக் கட்டத்திலேயே மாற்றிவிடலாம். மூன்றாவது, ஓங்கி நிற்கும் நிறம். மேசையில் விரித்த சீட்டுகளில் கண் முதலில் காண்பது நிறத்தைத்தான். உருவம் அதற்கு அடுத்ததாகத்தான் தெரியவரும்.

எண் சீட்டுகள் நாற்பது

கட்டில் பாதிக்கு மேற்பட்ட இடத்தை எடுத்துக்கொள்பவை இந்த 40 எண் சீட்டுகள்; பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோவதும் இங்கேதான். மார்செய் மரபில் இவற்றில் காட்சிப் படம் இருக்காது. ஏழு கிண்ணம் என்றால் ஏழு கிண்ணங்களும் சில கொடி, பூ அலங்காரங்களும் மட்டுமே இருக்கும். 1490-களில் வட இத்தாலியில் செதுக்கப்பட்ட சோலா புஸ்கா கட்டு, 78 சீட்டுகளும் முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய கட்டு. எண் சீட்டுகளிலும் மனித உருவங்களை வைத்தது அதன் தனிச்சிறப்பு. ஸ்மித் அந்த வழியைப் பின்பற்றினார். மூன்று வாள்கள் துளைத்த இதயம் என்ற புகழ்பெற்ற படம் இரண்டு கட்டுகளிலும் உள்ளது. அவர் தம் கட்டு முழுவதையும் 1909-ஆம் ஆண்டின் சில மாதங்களிலேயே வரைந்து முடித்தார். அவ்வாண்டு நவம்பரில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மிகக் குறைந்த பணத்துக்கு ஒரு பெரிய வேலையை இப்போதுதான் முடித்தேன் என்று குறிப்பிட்டிருக்கிறார். தொழில்முறை ஓவியர் ஒருவருக்கே அது பெரிய வேலையாக இருந்தது என்பதை, முதன்முதலாகக் கட்டு செய்கிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கட்டுக்கு மார்செய் வழியே போதும் என்பது என் உறுதியான கருத்து. 22 மேஜர் சீட்டுகளுக்கும் 16 அரசவைச் சீட்டுகளுக்கும் முழுப்படம் வரைந்து, 40 எண் சீட்டுகளைச் சின்னங்களின் அடுக்கால் அமைத்தால், வரைய வேண்டிய முழுப்படங்கள் 38-ஆகக் குறைந்துவிடும். அதற்காக எண் சீட்டுகளை உயிரற்றவையாக விட்டுவிட வேண்டியதில்லை. எண்ணுக்கு ஒரு கருத்து, இனத்துக்கு ஒரு தன்மை என்று வகுத்துக்கொண்டால் அடுக்கே பேசத் தொடங்கும். கோலுக்கு நெருப்பு, கிண்ணத்துக்கு நீர், வாளுக்குக் காற்று, நாணயத்துக்கு மண் என்பது பரவலான வழக்கம். எண்களுக்கு நான் பின்பற்றும் வரிசை இது: ஒன்று தொடக்கம், இரண்டு இணை, மூன்று வளர்ச்சி, நான்கு நிலைப்பு, ஐந்து குலைவு, ஆறு மீட்சி, ஏழு சோதனை, எட்டு இயக்கம், ஒன்பது நிறைவின் விளிம்பு, பத்து நிறைவும் அதன் சுமையும். இவ்வாறு பத்துக் கருத்துகளையும் நான்கு தன்மைகளையும் முடிவு செய்துவிட்டால், நாற்பது முடிவுகள் எடுக்க வேண்டிய இடத்தில் பதினான்கே போதும்.

இதைப் படத்தில் கொண்டுவருவது கடினமன்று. நான்கு நாணயங்களைச் சதுரத்தின் நான்கு மூலைகளில் வைத்தால் நிலைப்பு தெரிகிறது. ஐந்தாவது நாணயம் ஒன்றை நடுவில் புகுத்தி, மற்ற நான்கையும் மூலைகளிலிருந்து சற்றே பிதுக்கித் தள்ளிவிட்டால் குலைவு தெரிகிறது. அதே ஐந்தைக் கிண்ணத்தில் காட்டும்போது இரண்டு கிண்ணங்கள் சாய்ந்து நீர் சிந்தியிருக்கலாம். கோலில் ஐந்தும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளலாம். ஏழு முதல் பத்து வரையிலான சீட்டுகளில், சின்னங்களை எண்ணிப் பார்க்காமலே எண்ணிக்கை விளங்கும்படி மூன்று மூன்றாகவோ, நான்கு நான்காகவோ குழுவாக்கி வைக்க வேண்டும். ஒன்பதைக் கொடியில் காய்த்தது போலத் தாறுமாறாகப் பரப்பினால் பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் விரல் வைத்து எண்ண வேண்டியிருக்கும்.

கோலும் வாளும் இரண்டுமே நீளமாக இருப்பதால் குழப்பம் நேர்வது மிகப் பழைய சிக்கல். மார்செய் சீட்டு செய்தவர்கள் வாள்களை வில் போல் வளைத்தும், கோல்களை நேராகக் குறுக்கிட்டும் வரைந்து அதைத் தீர்த்தார்கள். நீங்கள் நான்கு இனங்களுக்கும் வேறு சின்னங்களைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் (இறகு, விதை, கல், விளக்கு என்று எதுவாகவும் இருக்கலாம்), அவற்றின் நிழலுருவை மட்டும் கறுப்பில் வரைந்து, கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் நான்கும் வேறுபட்டுத் தெரிந்தால் அவற்றை நம்பி மேலே போகலாம்.

அரசவைச் சீட்டுகளில் பதவியை முகத்தால் காட்ட முயல வேண்டாம், உடல்நிலையால் காட்டுங்கள். மரபில் பணியாள் நிற்பார், குதிரைவீரர் குதிரைமேல் இருப்பார், ராணியும் ராஜாவும் அமர்ந்திருப்பார்கள். அமர்ந்திருக்கும் இருவரை வேறுபடுத்த, ஒருவரைப் பக்கவாட்டிலும் மற்றவரை நேர்முகமாகவும் வைப்பது எளிய வழி.

அளவும் தாளும்

டாரட் சீட்டுக்கு இன்று மிகவும் வழக்கமான அளவு 70-க்கு 120 மி.மீ. சாதாரண போக்கர் சீட்டு 63-க்கு 88 மி.மீ. மட்டுமே என்பதால், சிறிய கையுள்ளவர்களுக்கு டாரட் அளவு கலைப்பதற்குச் சிரமமாக இருக்கும். மாதிரிக் கட்டைக் கையாண்ட ஒரு மாதத்தில் இது உங்களுக்கே தெரிந்திருக்கும். விரல்கள் எட்டவில்லை என்றால் தயங்காமல் அளவைக் குறைத்துவிடுங்கள். பெட்டி, உறை ஆகியவற்றைக் கடையில் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் வழக்கமான அளவுகளில் ஒன்றையே பின்பற்றுவது நல்லது.

தாளைப் பொறுத்தவரை, கட்டின் மொத்தத் தடிமனைக் கணக்கிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் கார்டு ஏறத்தாழ 0.3 மி.மீ. தடிமன் இருக்கும், 78 சீட்டுகள் சேர்ந்து 23 அல்லது 24 மி.மீ. உயரும், கையில் நன்றாக அடங்கும். அதே எடையுள்ள நீர்வண்ணத் தாள் அடர்த்தி குறைந்தது என்பதால் அரை மி.மீ. அளவுக்குத் தடித்திருக்கும், கட்டு 4 செ.மீ. உயரத்தை நெருங்கிவிடும்; அதைக் கலைப்பது கடினம். நேரடியாகத் தாளிலேயே தீட்டி, ஒரே ஒரு கட்டாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் மென்மையான பரப்புள்ள பிரிஸ்டல் அட்டையில் மை, வண்ணப் பென்சில் ஆகியவற்றால் வரைவது பொருத்தம். சீட்டுகளுக்கென்றே செய்யப்படும் அட்டைகளில் நடுவே கறுப்பு அல்லது நீல நிற அடுக்கு ஒன்று இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாமல் இருப்பதற்கே அந்த ஏற்பாடு. சாதாரண அட்டையை வாங்குவதற்கு முன் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

தாளின் இழை ஓடும் திசையையும் கவனிக்க வேண்டும். எல்லாச் சீட்டுகளும் ஒரே திசை இழையோடு வெட்டப்பட்டால்தான் ஒன்று போல வளையும். சில சீட்டுகள் நீளவாக்கிலும் சில அகலவாக்கிலும் வெட்டப்பட்ட கட்டு, கலைக்கும்போது கையில் தடுக்கும். நாளாக நாளாக வெவ்வேறு பக்கம் சுருளும்.

வரைதல்

அச்சிடுவதாக இருந்தால், இறுதி அளவைப்போல இரு மடங்கில், அதாவது 140-க்கு 240 மி.மீ. அளவில் வரையுங்கள். ஏ4 தாளில் இது ஓரம் விட்டு அடங்கும். சாதாரண ஸ்கேனரிலும் அடங்கும். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தாலே, பாதியாகச் சுருக்கி அச்சிடும்போது 600 டிபிஐயின் தெளிவு கிடைத்துவிடும். சுருக்கும்போது கோடுகளும் பாதியாக மெலியும் என்பதால், மூலப்படத்தில் ஒரு மி.மீ.க்கும் குறைவான நுணுக்கங்களில் உழைப்பைக் கொட்ட வேண்டாம். 7-க்கு 12 என்ற விகிதத்தில் சாளரம் வெட்டிய கறுப்பு அட்டை ஒன்றைப் படத்தின்மேல் வைத்து அவ்வப்போது பார்ப்பது, ஓரங்களில் முக்கியமானது ஏதும் வெட்டுப்படாமல் காக்கும்.

ஓவியப் பயிற்சி குறைவாக உள்ளவர்களுக்கு நிறக் கட்டுப்பாட்டைவிடப் பெரிய துணை கிடையாது. பழைய மார்செய் கட்டுகள் மரக்கட்டை அச்சில் கோடுகளைப் பதித்து, வெட்டுத்தகடு வைத்துச் சில நிறங்களை மட்டும் பூசிச் செய்யப்பட்டவை. அந்த எளிமையே அவற்றுக்கு ஒருமைப்பாட்டைத் தந்தது. ஐந்து அல்லது ஆறு நிறங்களைத் தேர்ந்து, அவற்றை ஒரு துண்டு அட்டையில் பூசிப் பெயரெழுதி மேசையில் ஒட்டிவைத்து, கடைசிச் சீட்டு வரை அவற்றை விட்டு விலகாதீர்கள். வெட்டி ஒட்டும் படங்களாலோ, லினோலியத் தகட்டில் செதுக்கி எடுக்கும் லினோ அச்சாலோ கட்டு செய்கிறவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

வரையும் வரிசையைப் பற்றி ஒரு வேண்டுகோள்: முட்டாளில் தொடங்காதீர்கள். எழுபது எண்பது படங்கள் வரைகிறபோது கை தேறும். முதலில் வரைந்ததும் கடைசியில் வரைந்ததும் வேறு வேறு ஆள் வரைந்தவை போலத் தோன்றும். மேஜர் சீட்டுகளை வரிசையாக முதலில் முடித்துவிட்டால், கட்டின் மிக முக்கியமான 22 படங்களே மிகவும் பலவீனமானவையாக அமைந்துவிடும். நான்கு இனங்களின் ஐந்தாம் சீட்டுகள், பிறகு நான்கு எட்டுகள் என்று நான்கு நான்காகத் தொடங்குங்கள். கை பழகியபின் இடையிடையே மேஜர் சீட்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே எண்ணின் நான்கு சீட்டுகளையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைவதால், எண்ணுக்கு நீங்கள் வகுத்த கருத்தும் சிதறாமல் நிற்கும். வாரத்துக்கு இரண்டு சீட்டுகள் என்று வைத்துக்கொண்டால் 39 வாரங்கள் ஆகும். இது எட்டக்கூடிய வேகம்.

பெயரையும் எண்ணையும் சீட்டின்மேல் எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எழுதுவதானால் எல்லாவற்றையும் வரைந்து முடித்த பிறகு, கணினியில் ஒரே எழுத்துருவில் சேர்ப்பது நல்லது. கையெழுத்தே வேண்டும் என்றால் 78 பெயர்களையும் ஒரே நாளில் எழுதி ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பின்புறம்

பின்புற வடிவத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அரைவட்டம் திருப்பினாலும் அது அப்படியே தோன்ற வேண்டும். இல்லையேல் கவிழ்த்து வைத்த சீட்டு நேராக வருமா தலைகீழாக வருமா என்பது திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். இதற்கு எளிய வழி, சீட்டின் மேல் பாதியை மட்டும் வரைந்து, அதன் பிரதியை அரைவட்டம் திருப்பிக் கீழே ஒட்டுவது. இரண்டாவது நிபந்தனை, சுற்றிலும் சட்டம் போடக்கூடாது. இருபக்கமும் அச்சிடும்போது முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றிரண்டு மி.மீ. விலகுவது இயல்பு, சட்டம் இருந்தால் அந்த விலகல் ஒவ்வொரு சீட்டிலும் ஒவ்வொரு விதமாகத் தெரிந்து, சீட்டை அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும். நான் அழகான இரட்டைக்கோட்டுச் சட்டம் ஒன்றைப் போட்டு அச்சிட்ட கட்டில், ஒரு வாரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு சீட்டுகளைப் பின்புறத்தை வைத்தே அறிந்துகொள்ளும் நிலை வந்தது; அந்தக் கட்டை முழுவதும் மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. விளிம்பு வரை பரவும் சிறு கோலங்களின் தொடர் இந்த விலகலை முழுமையாக மறைத்துவிடும். மிகக் கருமையான நிறம் விளிம்பு வரை வந்தால், தேய்மானத்தில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும் என்பதால் நடுத்தர நிறங்களே நல்லவை.

அச்சும் வெட்டும்

அச்சகத்தார் ப்ளீட் என்று சொல்லும் உபரி ஓரத்தை நான்கு பக்கமும் 3 மி.மீ. சேர்க்க வேண்டும். 70-க்கு 120 சீட்டின் கோப்பு அப்போது 76-க்கு 126 மி.மீ. ஆகும்; 300 டிபிஐயில் இது 898-க்கு 1488 பிக்சல். எழுத்தும் முக்கியமான உருவங்களும் வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 3 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். ஏ4 தாளில் இப்படி நான்கு சீட்டுகள்தாம் அடங்கும். ஏ3 தாளைக் கிடைமட்டமாக வைத்தால் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையில் பத்துச் சீட்டுகள் அடங்கும். எட்டே தாளில் கட்டு முடிந்துவிடும். தாள் விரயமும் வெட்டும் உழைப்பும் ஏ3-இல் வெகுவாகக் குறைகின்றன.

கணினித் திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே எனப்படும் நான்கு மை அச்சில் மங்கிவிடும். ஆகவே எல்லாத் தாள்களையும் அடிப்பதற்கு முன், நிறங்கள் அதிகமாக வரும் பத்துச் சீட்டுகளை ஒரே தாளில் சேர்த்துச் சோதனைப் பிரதி எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலாகத் தோன்றினால் மூலக்கோப்பில் திருத்துங்கள். அச்சு இயந்திரத்தின் அமைப்பை மாற்றி ஈடுகட்டலாம் என்று நம்ப வேண்டாம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனித் தாளில் அடித்து ஒட்டுகிறவர்கள், நீர் கலந்த பசையைத் தவிர்க்க வேண்டும். அது தாளை ஊற வைத்து நெளித்துவிடும். ஸ்பிரே பசை அல்லது இருபக்கமும் ஒட்டும் படலம் தட்டையாக நிற்கும்.

மேற்பூச்சாக, பளபளப்பில்லாத மெல்லிய படலமான மேட் லாமினேஷனையே நான் பரிந்துரைக்கிறேன். பளபளப்பான வார்னிஷ் பூசிய சீட்டுகள் முழுவதும் உலராவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது படமே உரிந்து வரும். கையால் பூசுவதானால் மிக மெல்லியதாக இரண்டு முறை, இருபக்கமும் சம அளவில் பூசி, சில நாட்கள் தனித்தனியாக உலர விட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் சீட்டு அந்தப் பக்கம் சுருளும்.

வெட்டுவதற்கு இரும்பு அளவுகோல், வெட்டும் விரிப்பு, புதிய பிளேடு ஆகிய மூன்றும் வேண்டும். ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல், மூன்று நான்கு முறை மெதுவாக இழுங்கள். சில தாள்களுக்கு ஒரு முறை பிளேடை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் மழுங்கிய பிளேடு விளிம்பில் பிசிறு விடும். பிசிறு உள்ள சீட்டுகள் வழுக்கிச் செல்லாது. அச்சகத்தில் தாள் அடுக்குகளை வெட்டும் கில்லட்டின் இயந்திரம் இருந்தால் அங்கேயே வெட்டித் தரச் சொல்வது மேல். மூலைகளை 3 முதல் 5 மி.மீ. வரை ஆரமுள்ள மூலை வெட்டியால் உருட்டினால் சீட்டு மடங்காமல் நெடுநாள் உழைக்கும். பிறகு முழுக் கட்டையும் இறுக்கிப் பிடித்து, விளிம்புகளில் மார்க்கர் பேனாவால் நிறம் பூசலாம்; அதிகம் அழுத்தாமல் பூசினால் மை உள்ளே கசியாது.

கட்டை உங்கள் பயன்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் விற்க நினைத்தால், பிறர் படங்களைத் தழுவியிருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். ஸ்மித் 1951-இல் மறைந்தார். ஓவியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் நாடுகளில் 1909-இல் வெளியான அவருடைய படங்கள் 2022 முதல் பொதுவுடைமை. ஆனால் அவற்றுக்குப் பின்னாளில் பதிப்பாளர்கள் செய்த புதிய நிறப்பதிப்புகளைப் பிரதி எடுப்பது வேறு செய்தி. 1938-க்கும் 1943-க்கும் இடையில் பிரீடா ஹாரிஸ் தீட்டிய ‘தோத்’ என்ற மற்றொரு டாரட் கட்டு, அவர் 1962-இல் மறைந்தார் என்பதால், அதே விதியுள்ள நாடுகளில் இன்னும் பாதுகாப்பில் இருக்கிறது.

எட்டு ஏ3 தாள்களில் 80 இடங்கள் இருப்பதால் கடைசித் தாளில் இரண்டு இடங்கள் மிஞ்சும். அவற்றை வெறுமையாக விடாமல், பின்புற வடிவத்தை மட்டும் அச்சிட்டு, முன்பக்கத்தை வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தாளின் பெயர், எடை, நிறங்களின் குறியீடு, அச்சிட்ட நாள் ஆகியவற்றை எழுதிக் கட்டின் அடியில் வையுங்கள். மற்றொன்று, என்றேனும் ஒரு சீட்டு தொலைந்தால், அதே தேய்மானமும் அதே பின்புறமும் உள்ள சீட்டில் அந்தப் படத்தைக் கையால் வரைந்து சேர்ப்பதற்கு உதவும். அதனால் அதையும் கட்டோடு சேர்த்தே கலைத்து, மற்றச் சீட்டுகளோடு பழக விடுங்கள்.